யூதாசின் விழுகதவு

குருநகர்க் கரையில் இருக்கும் எங்கள் சின்னக்கோயிலின் மேடைக்குக் கீழே கடல் இருக்கிறது என்பது 2014ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதி, தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்தேகாலுக்குத் தெரியவந்தது. அதற்கு முன்பு அங்கே மணல்தான் இருந்தது. மேடை நாலடி உயரம். சீமெந்துக் கல் அடுக்கிப் பலகை போட்டது. பக்கவாட்டாகக் குனிந்து பார்த்தால் இன்றைக்கும் மணல்தான் தெரியும். கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரைகளும், வெயிலுக்கு ஒதுங்கிய ஏதாவதொரு நாயும் கிடக்கும். மேலேயிருந்து விழுகதவைத் திறந்து பார்த்தால் கடல். இரண்டும் ஒரே இடம்தான். அது எப்படி என்று கேட்கிறவர்கள் வந்து பார்க்கலாம். குனிந்தும் பார்க்கலாம், திறந்தும் பார்க்கலாம், ஒருவரும் மறிக்கமாட்டார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் பாஸ்கு போடுவது எங்கள் பங்கின் வழக்கம். யேசு பாடுபட்டு மரித்த கதையைப் பாட்டும் வசனமுமாக மேடையில் நடித்துக் காட்டுவது. அதுவரை யூதாஸ் நாண்டுகொண்டு சாவது திரைக்குப் பின்னால் நடந்தது, ஒரு கயிற்றின் நிழல் மட்டும் சனத்துக்குத் தெரியும். அந்த வருடம் புதிதாக வந்த பங்குச் சுவாமியார் வெளிநாட்டில் படித்தவர். அங்கே ஒரு நாடகத்தில் நின்ற ஆள் நின்ற நிலையிலேயே தரைக்குள் போனதைக் கண்டவர். எங்கள் யூதாசும் அப்படித்தான் நரகத்துக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தரையோடு தரையாகக் கிடக்கிற கதவு, கொண்டியை இழுத்தால் கீழ்ப்பக்கமாகத் திறக்கவேண்டும், ஆள் மறைந்ததும் மூடவேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினார். அவர் அதை நிலக்கதவு என்றார், சனம் விழுகதவு என்றது, சனம் சொன்னதே நின்றுவிட்டது. வேலை ஓடாவி இன்னாசித்தம்பியிடம் போனது. அவர் வள்ளம் கட்டுகிறவர். வீட்டுக் கதவு செய்யும் தச்சர்கள் அயலூரில் இல்லாமலில்லை; ஆனால் கோயில் வேலையை வெளியாளிடம் கொடுத்தால் எங்கள் ஆட்கள் ஆறு மாதம் கதைப்பார்கள்.

இன்னாசித்தம்பியின் கைக்கு வள்ளத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. வேப்பம்பலகையை வள்ளத்துக்கு இழைப்பதுபோல இழைத்தார். இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்து ஒரு சொட்டும் ஒழுகாமல் பார்த்துக்கொண்டார். சுறா எண்ணெய் பூசினார். நாடக மேடைக் கதவுக்குள் தண்ணீர் எதற்கு வரப்போகிறது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, வேலை அவ்வளவு சுத்தம். முடிந்ததும் புது வள்ளத்துக்குச் செய்கிற எல்லாவற்றையும் பழக்கத்தில் செய்துவிட்டோம். ஒரு வாளி கடல்நீர் ஊற்றினோம், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினோம், பால்புக்கை பொங்கினோம். கதவுக்கென்று புத்தகத்தில் தனிச் செபம் அகப்படாததால் சுவாமியாரும் வள்ளத்துக்குரிய செபத்தையே வாசித்துத் தீர்த்தம் தெளித்தார். இவ்வளவும் செய்தபிறகு மரம் தன்னை வள்ளம் என்று நினைத்தால் அதை மரத்தின் குற்றம் என்று சொல்ல ஏலாது. பிற்பாடு பங்குச்சபை விசாரித்தபோது இன்னாசித்தம்பி, "வள்ளம் எண்டு நினைச்சுச் செய்யேல்லை. வேறை மாதிரிச் செய்யத் தெரியாது," என்று மட்டும் சொன்னார். தீர்த்தம் தெளித்த அன்று பின்னேரம் கதவின் பிணைச்சலைச் சோதிக்கத் திறந்தபோது அருகில் இருந்த வாளி உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் தண்ணீரில் விழுந்த சத்தம். கயிற்றில் ஈயம் கட்டி இறக்கினார்கள்; இருபது பாகம், அதாவது இருபது தடவை இரண்டு கையையும் விரித்த நீளம், போயும் தரை எட்டவில்லை. நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காலைப் பின்னுக்கு எடுத்தார்கள்.

மேடையை இடிக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். ஆனால் நாலு கிழமைதான் இருந்தது, நோட்டீஸ் அடித்தாயிற்று, கடற்றொழில் செய்கிற சனம் தண்ணீரைக் கண்டு பாஸ்கை விட்டது என்று பக்கத்துப் பாசையூர் ஆட்கள் சிரிப்பார்கள். விழுகிறவன் நீந்தத் தெரிந்தவன்தானே என்று முடிவானது. விழ இருந்தவன் ஜெறோம்.

யூதாஸ் வேடத்துக்கு எங்கள் ஊரில் ஆள் பிடிப்பது கஷ்டம். யூதாசாக நிற்கிறவனிடம் தவக்காலம் முழுவதும் ஒருவரும் மீன் வாங்கமாட்டார்கள். அவனுடைய வள்ளத்தில் ஏறமாட்டார்கள். பூசையில் சமாதானம் சொல்லும்போது கை கொடுக்கவேண்டி வந்தால் விரல் நுனியைத் தொட்டுவிட்டு விடுவார்கள். அதனாலேயே அது பெரிய நேர்த்திக்கடன். அதற்கு முந்திய வருடம் ஐப்பசியில் ஜெறோமின் எட்டு வயது மகள் ஜெசிதா மூளைக்காய்ச்சலோடு பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். பத்தாவது நாள் ஜெறோம் வாசலில் முழங்காலில் நின்று, பிள்ளை எழும்பினால் ஐந்து வருடம் யூதாசாக நிற்பேன் என்று நேர்ந்தான். அடுத்த நாள் காலை ஜெசிதா கண்ணைத் திறந்து பிட்டும் பழமும் கேட்டாள். ஜெறோமின் மனைவி அருமைநாயகி அன்றைக்கு அழுத அழுகை சந்தோசத்தில் அழுதது. ஐந்து வருடம் என்றது அவளுக்கு அப்போது ஒரு பெரிய விசயமாகப் படவில்லை.

2014 பெரிய வெள்ளி, ஏப்ரல் 18. யூதாஸ் கதவில் வந்து நின்று தன் பாவத்தைப் பாடி முடித்தான். இன்னாசித்தம்பி கொண்டியை இழுத்தார். ஜெறோம் போய்விட்டான், கதவு மூடிக்கொண்டது, தண்ணீரின் சத்தம் மட்டும் வந்தது.  பாயில் இருந்த சனத்தில் யாரோ ஒரு மனிசி, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று பரலோக மந்திரத்தைத் தொடங்க எல்லோரும் சேர்ந்து சொன்னோம். ஆமென் சொல்வதற்குள் கதவின் விளிம்பில் கை தெரிந்தது. ஜெறோம் சாதாளைப் பாசி சுற்றிய காலோடு, சொட்டச் சொட்ட ஏறி வந்தான். அவனுடைய பல் அடித்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. "அங்கை ஒருதருமில்லை. அதுதான் பயம்," என்று அருமைநாயகியிடம் சொன்னான்.  பாஸ்குக்குப் பாட்டுப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் அதையே முறையாக்கினார்: யூதாஸ் விழுந்தால் சனம் ஒரு பரலோக மந்திரம் சொல்லவேண்டும், ஆமென் என்றதும் திரை விலகிப் பிலாத்துவின் கட்டம் தொடங்கும்.

அடுத்த வருடம் ஆமென் சொல்லியும் ஜெறோம் வரவில்லை. பிலாத்து கை கழுவினான்.  இருபது நிமிடம் கழித்து, சீமோன் சிலுவை தூக்குகிற இடத்தில், யூதாஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஏறி, ஈரத்தோடு யேசுவைக் கடந்து போனான். 2016 தவக்காலத்தில் அவன் தன்னால் ஏலாது என்றான். சொன்ன அன்றே ஜெசிதாவுக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று. மூன்று நாள் மருந்துக்கு மசியாத காய்ச்சல், ஜெறோம் ஒத்திகைக்குப் போன மணித்தியாலத்தில் இறங்கியது. அந்த வருடம் அவன் வெள்ளிக்கிழமை போய் உயிர்த்த ஞாயிறு விடியற்பூசையில், மணி அடிக்கிற நேரம், மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தான். யூதாஸ் ஆண்டவரோடு சேர்ந்து உயிர்ப்பது சரியில்லை என்று பங்குச்சபையில் இரண்டு பேர் எழுத்தில் முறையிட்டார்கள். அருமைநாயகிக்கு அந்த ஞாயம் ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் கவனித்தது வேறொன்று. முதல் வருடம் நடுங்கினவன், இரண்டாம் வருடம் விடியுமட்டும் அவளுடைய கையைப் பிடித்திருந்தவன், மூன்றாம் வருடம் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

2017இல் கயிறு கட்டினார்கள். பெரிய வெள்ளியும் சித்திரை வருடப்பிறப்பும் ஒரே நாளில் வந்த வருடம் அது. அருமைநாயகி தன் கையாலேயே புருசனின் இடுப்பில் முடிச்சுப் போட்டாள். கடற்கரைப் பெண் போட்ட முடிச்சு, தானாக அவிழாது. எட்டுப் பேர் பிடித்தார்கள். அறுபது பாகம் ஓடிக் கயிறு தளர்ந்தது. இழுத்தபோது வெறும் நுனி வந்தது. அறுந்திருக்கவில்லை, வெட்டியிருக்கவில்லை, பொறுமையாக இருந்து அவிழ்த்திருந்தது. அந்த நுனியைக் கண்டபோது அவளுக்கு வந்த பயம் கடலைப் பற்றியதல்ல, புருசனைப் பற்றியது. பொலிசில் முறைப்பாடு எழுதியபோது காணாமற்போன இடம் என்ற இடத்தில் மேடை என்று எழுதவேண்டி வந்தது. மூன்றாம் நாள், கடலட்டை பிடிக்கிற சுழியோடி ஜெயசுதன் சிலிண்டரோடு இறங்கினான். மேலே நின்றவர்கள் மந்திரம் சொன்னார்கள். ஆமெனுக்கு முன்னம் அவன் ஏறிவிட்டான். தான் இரண்டு மணித்தியாலம் தேடினதாகவும் சிலிண்டர் முடிந்துபோனதாகவும் சொன்னான். இனி எந்தக் கடலிலும் இறங்கமாட்டேன் என்றவன் இப்போது ரவுண் தெருக்களில் ஓட்டோ ஓடுகிறான். ஜெறோம் நாற்பத்தோராம் நாள், ஆண்டவர் பரலோகம் எழுந்த வியாழன் அன்று, மத்தியானம் வந்தான். உடுப்பு நனையவில்லை. தலை வாரியிருந்தது. முகத்தில் பயம் என்பது ஒரு துளியும் இல்லை. "என்ன கறி?" என்று கேட்டான்.

அதன்பிறகு அவன் போகிற இடமெல்லாம் தரையைக் குதிக்காலால் தட்டிப் பார்த்தான். வீட்டுச் சீமெந்தில், சங்கக்கடை வாசலில், பள்ளிக்கூட விறாந்தையில். கடலுக்குப் போனால் வலையை இழுக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். அருமைநாயகி ஜெசிதாவுக்குக் கணக்குப் படிப்பிக்கிற உரும்பிராய்க் கனகசபாபதி மாஸ்ரரிடம் போனாள். முதல் தரம் அரை நிமிடம், பிறகு இருபது நிமிடம், பிறகு ஒன்றரை நாள், பிறகு நாற்பத்தொரு நாள். ஐந்தாம் தரம் எவ்வளவு என்று கேட்டாள். மாஸ்ரர் சைவக்காரர், பாஸ்கு பார்த்ததில்லை. கொப்பியில் இரண்டு பக்கம் போட்டுப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினார். "மூண்டு வருசம் எண்டும் வரும், முப்பது வருசம் எண்டும் வரும், பிள்ளை. ரெண்டிலை எது எண்டு என்னைக் கேக்காதை," என்றார். அவள் இன்னொன்று கேட்டாள்: இந்தப் பெருக்கம் கதவுக்கா, போகிற ஆளுக்கா? ஜெயசுதன் போனபோது அவனுக்கு முதலாம் தரத்துக் கணக்குத்தானே வந்தது? மாஸ்ரர், ரெண்டு பேரை வைச்சுக்கொண்டு சூத்திரம் சொல்லேலாது என்றார்.

ஐந்தாம் வருடம் வந்தது. அருமைநாயகி சுவாமியாரிடம் போய் நேர்த்தியிலிருந்து புருசனை விடுவிக்கக் கேட்டாள். சுவாமியார் தான் கொண்டுவந்த கதவை நினைத்து ஏற்கெனவே மெலிந்துபோனவர். மேலிடத்துக்கு எழுதி, முத்திரை வைத்த கடிதமே எடுத்துக் கொடுத்தார். கடிதம் வந்த பின்னேரம் ஜெசிதாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. காய்ச்சலுக்கு வாசிக்கத் தெரியவில்லை. இந்தமுறை ஜெறோம் ஒத்திகைக்குப் போயும் அது இறங்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, கூப்பிட்டால் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் முழித்தது. புருசனை விட்டால் அவன் திரும்பி வர மூன்று வருடமோ முப்பது வருடமோ. மறித்தால் பிள்ளை இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம், அருமைநாயகியில்தான் அதைக் கண்ணால் கண்டோம். ஜெறோமோ ஒருவருக்கும் பாரமில்லாத மனிதனாக இருந்தான். வேலியைப் புதிதாக அடைத்தான். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டான். கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தகரம் வைத்தான். எல்லாம் கன காலம் நிற்கக்கூடிய வேலைகள். அவன் ஆணி அடித்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் குசினிக்குள் திடுக்கிட்டாள். "கீழை அப்பிடி என்ன கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஒண்டுமில்லை, அருமை. ஒண்டுமே இல்லை," என்றான். அதைச் சொன்னபோது அவனுக்கு முகம் மலர்ந்திருந்தது.

2018 மார்ச் 30, பெரிய வெள்ளி. பாஸ்கு ஐந்தரைக்குத் தொடங்கியது. அருமைநாயகி பிள்ளையைத் தனிய விடப் பயந்து, போர்வையால் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்து முன்வரிசைப் பாயில் கிடத்தியிருந்தாள். கடைசி இராப்போசனக் கட்டம் முடிந்ததும் வேடக்காரரின் கொட்டிலுக்குப் போய்ப் புருசனைக் கூப்பிட்டாள். "பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. ரவுணிலை மருந்து வாங்கிக்கொண்டு ஓடி வாங்கோ. உங்கடை கட்டத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு," என்றாள். தரையைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவன் என்றாலும் பிள்ளை என்றதும் அங்கியைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். பெரிய வெள்ளியன்று எந்த மருந்துக்கடை திறந்திருக்கும், எவ்வளவு நேரம் அலைவான் என்பது அவளுக்குத் தெரியும்.

அங்கியையும் தாடியையும் கட்டிக்கொண்டு அவள் கதவடிக்கு வந்தபோது, கொண்டிக் கயிற்றோடு நின்ற இன்னாசித்தம்பிக்குக் காலைப் பார்த்ததும் ஆள் பிடிபட்டது. "பிள்ளை, இது விளையாட்டில்லை," என்றார். "முதல் தரம் போறவை ஆமெனுக்கு முன்னம் வந்திடுவினம், இன்னாசியண்ணை. எனக்கு இது முதல் தரம். வீட்டிலையிருந்து ஒராள் போனால் நேர்த்தி முடிஞ்சுது." அவளுடைய தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. "பிந்தினால்?" என்று கேட்டார். "பிந்தமாட்டன்." அவள் யூதாசின் பாட்டைப் பாடினாள். நாலு வருடம் வீட்டில் கேட்ட பாட்டு, ஒரு சொல் பிசகவில்லை. பொம்பிளைக் குரல் என்று சனம் சலசலத்தது. அண்ணாவியாருக்கும் தெரிந்தது, ஆனால் தொடங்கிய பாட்டை நடுவில் நிற்பாட்டுகிற பழக்கம் எங்கள் அண்ணாவிமாருக்கு இல்லை, அவர் தாளத்தை விடவில்லை. பாட்டு முடிந்தது. இன்னாசித்தம்பி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

சனம் மந்திரத்தைத் தொடங்கியது. இங்கேதான் நாங்கள் ஒரு பிழை விட்டோம், அதை மறைத்து எழுத விருப்பமில்லை. வழக்கமான வேகத்தில் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் எல்லோருக்கும் பயம். ஆமென் வந்தும் அவள் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவளுக்கு நேரம் கொடுக்கிறோம் என்று நினைத்து ஒவ்வொரு சொல்லையும் இழுத்தோம். முன்வரிசை இழுத்ததைப் பின்வரிசை இன்னும் இழுத்தது. பாதியில் மூச்சு வாங்கினோம். தீமையிலிருந்து காக்கச் சொல்லும் கடைசி வரிக்கு வந்தபோது பத்து நிமிடம் கடந்திருந்தது, கதவு அசையவில்லை. அந்த நேரம் ஜெசிதாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நாலு நாளாகத் தலை தூக்காத பிள்ளை பாயில் எழும்பி உட்கார்ந்து, மேடையைப் பார்த்து, பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த தாயின் செருப்பைப் பார்த்தது. யாரும் சொல்லாமலே விளங்கிக்கொண்டது. "ஒருதரும் ஆமென் சொல்லாதேங்கோ," என்றது. நாங்கள் சொல்லவில்லை. கடைசி வரியைத் திரும்பவும் சொன்னோம். அது முடிய இன்னொருதரம். பிலாத்து திரைக்குப் பின்னால் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றபடியே நின்றான். ஏழரை மணிக்கு ஜெறோம் மருந்தோடு ஓடிவந்தான், மகளைக் கண்டான், கதவைக் கண்டான். மேடையில் ஏறி இரண்டு கையாலும் பலகையை அடித்தான். அவன் அப்படிக் கத்தியதை அதற்கு முன்னம் யாரும் கேட்டதில்லை. அவனையும் உள்ளே விழவிடாமல் நாலு பேர் பிடித்தார்கள். விழுந்திருந்தால் அவனுக்கு அது ஐந்தாம் தரம்.

அந்தப் பாஸ்கு இன்னும் முடியவில்லை. ஆமென் சொன்னால் அவள் வருவாளா, அல்லது அவளுடைய நேரம் கடந்துபோகுமா என்பது ஒருவருக்கும் தெரியாது, சொல்லிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. முதல் இரவு முழுப்பங்கும் நின்றது. பிறகு முறை வைத்தோம். வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம், இரவும் பகலும். கொரோனா ஊரடங்கில் ஜெறோமும் ஜெசிதாவும் கோயிலிலேயே தங்கி மாறி மாறிச் சொன்னார்கள். 2021இல் வந்த புதுச் சுவாமியார் இது மூடநம்பிக்கை என்று கண்டித்துவிட்டு, ஒரு முறை கதவைத் திறந்து பார்த்தார். இப்போது செவ்வாய் விடியப்புறம் அவருடைய முறை. இன்னாசித்தம்பி வருடத்துக்கு ஒருதரம் சுறா எண்ணெய் பூசுகிறார். ஜெறோம் தரையைத் தட்டுவதில்லை. விட்ட பயம் முழுவதும் அவனிடம் திரும்பி வந்துவிட்டது, குளிக்கிற தொட்டியில் கை வைக்கவும் யோசிக்கிறான். ஜெசிதாவுக்கு இருபது வயது, தாதிமார் படிப்புப் படிக்கிறாள், அதன்பிறகு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்லை. வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு அவள் வந்து கதவடியில் உட்காரும்போது, முன்னம் இருந்தவர் கடைசி வரியை முடிக்க, அவள் அதே வரியைத் தொடங்குகிறாள். தாயைப் பற்றி யாராவது வெளியூரார் விசாரித்தால் அம்மா வந்துகொண்டிருக்கிறா என்கிறாள். நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். ஆமென் சொல்லவில்லை, அருமைநாயகி இன்னும் பிந்தவில்லை.